கண்டிச் சீமையும் எம்.ஜி.ஆர். படங்களும்

இலங்கையின் கண்டி மாநகருக்குத் தெற்கே, கம்பளையைக் கடந்து, மகாவலி கங்கைக் கரையில் அமைந்த நாவலப்பிட்டி என்னும் ஊருக்கு 1874ஆம் ஆண்டிலே புகைவண்டிப் பாதை வந்து சேர்ந்தது. அவ்வூரில் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் தேதி, பாலக்காட்டுப் பிரதேசத்தைச் சேர்ந்த கோபால மேனனுக்கும் சத்தியபாமா அம்மையாருக்கும் ஜனித்த மகவே எம். ஜி. ராமச்சந்திரன். கண்டியிலேயே பிறந்தார் என்பாரும் உளர். நாவலப்பிட்டியும் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்ததே. மழலை மாறுமுன்னரே தந்தையார் காலமாக, அன்னையார் குழந்தைகளோடு கடல் கடந்து கும்பகோணம் சேர்ந்தார். அங்கே வறுமை பிள்ளையைப் பள்ளியினின்றும் பிரித்து நாடகக் கம்பெனியில் சேர்த்தது.

அவர் முதன்முதலாகத் தோன்றிய 'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் படமாக்கினார். நண்பனைக் கொன்றுவிட்டதாக மயங்கிய நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைப்பதாகக் கதை செல்லும். கண்டிச் சீமையாகிய மலைநாட்டில் பிறந்தவர் திரையில் அடியெடுத்து வைத்த படத்திலேயே, போலீஸ் அதிகாரி என்னும் சிறிய வேடந்தான் என்றாலும், மலைநாட்டுத் தோட்டமும் இடம்பெற்ற இந்த விசேஷத்தை அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

1947இல் 'ராஜகுமாரி' அவரைக் கதாநாயகனாக்கியது. அதற்கடுத்த ஆண்டிலே, சுதந்திரம் பெற்ற இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறைகளாகக் காடு வெட்டிக் கொழுந்து பறித்து அந்நாட்டைச் செல்வமாக்கிய தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆகவே, 1954இல் 'மலைக்கள்ளன்' உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்கு ஈந்தபோதும், 1958இல் அவரே தயாரித்து இயக்கி இரட்டை வேடம் பூண்ட 'நாடோடி மன்னன்' சாமானியனைச் சிங்காதனத்தில் ஏற்றியபோதும், 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை' கொடுமைக்காரனின் சவுக்கைப் பிடுங்கி அவனையே விளாசியபோதும், தோட்டத் துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி, லயம் என்னும் வரிசை வீடுகளின் காம்பராக்களில் ஜீவித்த ஜனங்கள் அவற்றை வெறும் பொழுதுபோக்காகக் கண்டிருக்க முடியாது.

சிருஷ்டி என்ற வகையில் 'நாடோடி மன்னன்' அவருடைய படங்களுள் தலையாயது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கண்டிச் சீமையின் மனத்துக்கு மிக நெருங்கியது 'ஆயிரத்தில் ஒருவன்' என்றே சொல்வேன். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றோர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், 3 லட்சம் பேரை இலங்கைக்கென்றும், எஞ்சியோரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும், அவர்களில் ஒருவரையும் கேளாமலே பங்கிட்டது. மறு ஆண்டு ஜூலையில் வெளிவந்த அப்படத்திலோ, காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்குச் சிகிச்சை செய்ததே குற்றமாகி, மணிமாறன் என்னும் வைத்தியன் அவர்களோடு அடிமையாகக் கப்பலேற்றப்பட்டுத் தீவொன்றிலே விற்கப்படுகிறான். அங்கே தன்னை மட்டும் விடுவித்துக்கொள்ள மனமின்றி அனைவரின் விடுதலைக்காகவும் போராடுகிறான். பி. ஆர். பந்துலு இதை ஆங்கிலக் கடற்கொள்ளைக் கதையைத் தழுவியே எடுத்தார். மலைநாட்டை அவர் நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால், கடல் கடந்து ஒரு தீவுக்கு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கதையை விளக்கிச் சொல்ல எவரும் வேண்டியிருக்கவில்லை. அந்த 1965ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்ததும் சேர்த்து நினைக்கத்தக்கது.

ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வழியே சென்றனர். அவர்களுள் பல குடும்பங்கள் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில், தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களிலே மறுபடியும் கொழுந்து பறிக்கலாயின. 1977 ஜூனில் நாவலப்பிட்டியில் பிறந்தவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானபோது, அவருடைய ஜன்மபூமியினின்றும் அனுப்பப்பட்ட அந்தக் குடும்பங்கள் அவருடைய ஆட்சியின் கீழ் வந்தன.