இரண்டாம் முறை கேட்கப்படும் கடவுச்சொல்

காலையில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவரிடம், விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் திரை திறந்ததும் அதே கடவுச்சொல் மறுபடி கேட்கப்படுகிறது. சில அலுவலகங்களில் டெஸ்க்டாப் வரை தடையில்லாமல் போய்விடலாம். அங்கிருந்து கோப்பு சர்வரைத் தொட்டால்தான் அனுமதி மறுக்கப்படும். சிங்கிள் சைன்-ஆன் வேலை செய்யவில்லை என்று ஹெல்ப்டெஸ்க்குக்குப் புகார் போகும். புதிய மென்பொருளின் கோளாறு என்று எண்ணி, அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதிக்கு வேர் 1980களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. மனிதர் உட்கார்ந்திருக்கும் கணினியும் அவருடைய அடையாளச் சான்று தங்கியிருக்கும் கணினியும் ஒன்றுதான் என்று அன்று வைத்துக்கொண்டார்கள். விர்ச்சுவல் டெஸ்க்டாப் இரண்டையும் பிரித்துவிட்டது. கோளாறைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அந்தப் பிரிவுதான் என்பது என் வாதம்.

எம்.ஐ.டி.க்கு அடையாளத்தைச் சரிபார்ப்பது பற்றிய கவலை வந்ததற்குக் காரணம் உண்டு. பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறை 1961இல் அங்கேதான் செய்துகாட்டப்பட்டது. கணினியில் கடவுச்சொல் புழக்கத்துக்கு வந்ததும் அதன் வழியாகத்தான். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் அந்தக் கோப்பு தவறுதலாக, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்தியாகவே காட்டப்பட்டது. 1983இல் டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களின் துணையோடு அதீனா திட்டம் தொடங்கியபோது சிக்கல் இன்னும் பெரிதாகிவிட்டது. வளாகம் முழுக்கப் பொதுக் கணினிகள் வரப்போகின்றன. யார் வேண்டுமானாலும் எதன் முன்னும் உட்காரலாம். எந்தக் கணினியையும் நம்ப முடியாது, நடுவிலுள்ள கம்பியையும் நம்ப முடியாது. நீதம், ஷ்ரோடர் இருவரும் 1978இல் வெளியிட்ட நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு ஸ்டீவ் மில்லர், கிளிஃபர்ட் நியூமன் முதலியோர் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை வடிவமைத்தார்கள். கடவுச்சொல் கம்பியில் போகவே கூடாது. பூட்டிய அறையிலிருக்கும் ஒரு சர்வர் சில மணி நேரமே செல்லும் டிக்கெட்டைத் தரும். மற்ற சர்வர்களிடம் அந்த டிக்கெட்டைக் காட்டினால் போதும்.

நம் காலத்துக் கோளாறுகளுக்கான தடயம் இதன் நான்காம் பதிப்பிலேயே கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு டிக்கெட்டுக்குள்ளும் பயனரின் கணினியினுடைய நெட்வொர்க் முகவரி எழுதப்பட்டிருந்தது. வேறொரு கணினிக்கு எடுத்துப்போனால் செல்லாது. ஆளும் கணினியும் ஓரிடம் என்ற நம்பிக்கை டிக்கெட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்டீவன் பெல்லோவின், மைக்கேல் மெரிட் இருவரும் 1990இல் எழுதிய விமர்சனத்தில் இதன் பலவீனத்தைச் சுட்டினார்கள்: ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்காகச் செய்யப்பட்ட முறை இது, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினிக்குப் பொருந்தாது, கடிகாரங்களை அளவுக்கு மீறி நம்புகிறது. 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில் முகவரி கட்டாயமில்லை என்றானது. டிக்கெட்டை இன்னொரு கணினிக்கு அனுப்பவும் வழி பிறந்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை.

மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 2000இல் இந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொண்டது. அதற்குள் எதிர்த்திசையில் இன்னொரு வரலாறு ஓடத் தொடங்கியிருந்தது. 1995இல் சிட்ரிக்ஸின் வின்ஃபிரேம், 1998இல் விண்டோஸ் என்.டி. டெர்மினல் சர்வர் எனப் பலர் ஒரே சர்வரில் வேலை செய்யும் முறை அலுவலகங்களுக்குத் திரும்பி வந்தது. பெல்லோவினும் மெரிட்டும் எச்சரித்த இடம் இதுவேதான். மேசையிலிருக்கும் கணினி, டெஸ்க்டாப் ஓடும் சர்வர், அதற்கப்பால் கோப்பு சர்வர் என்று பாதை இப்போது இரண்டு தாவலாகிறது. முதல் தாவலில் காட்டிய டிக்கெட் இரண்டாவதற்குச் செல்லாது. செல்லாமலிருக்கத்தான் அது வடிவமைக்கப்பட்டது. விண்டோஸ் 2000 கொடுத்த தீர்வு, நடுவிலுள்ள சர்வர் பயனரின் பெயரில் எங்கும் போகலாம் என்ற கட்டற்ற அனுமதி. எந்தச் சேவைகளுக்குப் போகலாம் என்று பட்டியலிடும் வசதி சர்வர் 2003இல்தான் வந்தது. விஸ்டாவோடு வந்த கிரெட்எஸ்எஸ்பி, மறையாக்கம் செய்த வழியில் பயனரின் கடவுச்சொல்லையே தொலைவிலுள்ள சர்வரிடம் ஒப்படைத்தது. எந்த சர்வர்களுக்கு ஒப்படைக்கலாம் என்பது குரூப் பாலிசியில் பெயர் குறித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கடவுச்சொல் மறுபடி கேட்கப்படும். எரிச்சலூட்டும் அந்தக் கேள்வி, தெரியாத சர்வருக்குக் கடவுச்சொல்லைத் தர மறுக்கும் நேர்மையான தயக்கம் என்றே நான் கொள்கிறேன்.

2018இல் நடந்தது இதற்கு வலுவான ஆதாரம். கிரெட்எஸ்எஸ்பியில், நடுவழியில் நுழைந்தவர் பிறர் பெயரில் சர்வரில் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஓட்டை இருப்பது தெரிந்து, மார்ச் மாதம் திருத்தம் வெளியானது. மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு, திருத்தப்படாத சர்வர்களோடு இணைய விண்டோஸ் மறுத்தது. ஒரே நாளில் தொலைநிலை இணைப்புகள் அறுந்தன. சர்வரைத் திருத்துவதே சரியான மருந்து. ஆனால் உடனடி நிவாரணமாகப் பரவியது, மேசைக் கணினியின் கொள்கையைப் 'பாதிப்புக்குள்ளாகலாம்' என்ற நிலைக்கு இறக்கும் குறுக்குவழி. இணைப்பு திரும்பியது, ஓட்டையும் அப்படியே இருந்தது.

எல்லாக் கோளாறுக்கும் வரலாறு தேவையா, கடிகாரம் தப்பினால் சரிசெய்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். சரிதான், விண்டோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் நேர வேறுபாடு ஐந்து நிமிடம், அதைத் திருத்த நிபுணர் வேண்டாம். ஆனால் அந்தக் கடிகாரம் ஏன் தப்பியது? நிறுத்திவைத்து மீண்டும் எழுப்பப்படும் விர்ச்சுவல் கணினிக்குத் தான் உறங்கியது தெரியாது. பழைய நிலைக்கு மீட்டெடுத்த விர்ச்சுவல் கணினி டொமைனின் நம்பிக்கையை இழப்பதும் இதே வகை: முப்பது நாளுக்கொருமுறை கணினி தன் சொந்தக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்கிறது, மீட்டெடுப்பு அதைப் பழையதாக்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் ஆள் வெளியேறிவிடுவார் என்று அதீனா கருதியது. விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் இணைப்பை மட்டும் துண்டிக்கிறோம், அமர்வு நாள்கணக்கில் உயிரோடிருக்கிறது. இடையில் கடவுச்சொல்லை மாற்றினால், மறந்துபோன அந்த அமர்வு பழைய கடவுச்சொல்லைத் தட்டித் தட்டிக் கணக்கைப் பூட்டிவிடும். கடிகாரத்தை மட்டும் திருத்துகிறவர் அடுத்த வாரமும் அதையே திருத்திக்கொண்டிருப்பார். பெயர்ச் சிக்கல் இன்னும் நுட்பமானது. கெர்பரோஸ் டிக்கெட் ஒரு சேவையின் பெயருக்கே வழங்கப்படுகிறது. பதிவு செய்யாத பெயரிலோ வெறும் ஐ.பி. முகவரியிலோ கூப்பிட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் பழைய என்.டி.எல்.எம். முறைக்கு இறங்கிவிடும். எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். பாதுகாப்புக்காக ஒருநாள் என்.டி.எல்.எம்.ஐ நிறுத்தும்போதுதான் ஆண்டுக்கணக்காக மறைந்திருந்த பிழை வெளியே வரும். கையிலுள்ள டிக்கெட்டுகளைப் பட்டியலிடும் கேலிஸ்ட் (klist) கட்டளையை ஓட்டி, எந்தப் பெயருக்கு டிக்கெட் இருக்கிறது என்று பார்ப்பது அதனால்தான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கிளவுட் வந்துவிட்டது, இணையத்தில் அடையாளத்தை டோக்கனாகக் கடத்தும் எஸ்.ஏ.எம்.எல். நெறிமுறையின் இரண்டாம் பதிப்பும் 2005இலேயே வந்துவிட்டது, கெர்பரோஸின் கதை முடிந்தது என்பார்கள். இணையப் பக்கங்களுக்கு அது ஓரளவு உண்மை. டொமைனில் சேர்ந்த விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் எஸ்.ஏ.எம்.எல். டோக்கன் வாசல்வரைதான் வரும். உள்ளேயுள்ள விண்டோஸ் அதை ஏற்காது, கடவுச்சொல்லையோ சான்றிதழையோதான் கேட்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2016இல் சிட்ரிக்ஸ் தன் ஃபெடரேட்டட் அதென்டிகேஷன் சர்வீஸையும் விஎம்வேர் தன் ட்ரூ எஸ்.எஸ்.ஓ.வையும் கொண்டுவந்தன. இரண்டும் பயனர் பெயரில் குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை உண்டாக்கி, ஸ்மார்ட் கார்டு செருகியதுபோல் விண்டோஸிடம் காட்டுகின்றன. விண்டோஸ் அதைக் கொண்டுபோய்ப் பெறுவது மறுபடியும் கெர்பரோஸ் டிக்கெட்டைத்தான். ஆகவே கோளாறு தேடும் வழி குறையவில்லை, நீண்டிருக்கிறது: டொமைன் கன்ட்ரோலரிடம் அதற்குரிய சான்றிதழ் இருக்கிறதா, ரத்தான சான்றிதழ்களின் பட்டியலை எட்ட முடிகிறதா, சான்றிதழ் வழங்கும் அமைப்பு டொமைனின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை யாரிடமும் ஒப்படைக்காததால் இந்த ஏற்பாடு கிரெட்எஸ்எஸ்பியைவிட அதீனாவின் எண்ணத்துக்கு நெருக்கமானது; அதனால் இதை வரவேற்கிறேன். ஆனால் யார் பெயரிலும் சான்றிதழ் கேட்டுப்பெறும் உரிமையுள்ள அந்த சர்வர், டொமைன் கன்ட்ரோலருக்கு இணையான காவலில் இருக்க வேண்டும். சாதாரணப் பயன்பாட்டு சர்வர்களின் வரிசையில் அதை விட்டுவைத்திருக்கும் அலுவலகங்கள், இரண்டாம் முறை கடவுச்சொல் கேட்பதை நிறுத்துவதற்கு முன் அதன் நிர்வாகி உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும்.