ஆணா, பெண்ணா? வடநெம்மேலி மணலைக் கேளுங்க!

வீட்டுப் பல்லி ஏதாவது ஒரு இடுக்குல ரெண்டே முட்டையை வெச்சுட்டுப் போயிடும். அடைகாக்கறது, காவல் காக்கறது எல்லாம் கிடையாது. வெளிநாடுகள்ல செல்லமா வளர்க்கற லெப்பர்ட் கெக்கோ கொஞ்சம் பரவாயில்லை, ஈர மண்ணைத் தோண்டி முட்டையைப் புதைக்கும். வளர்க்கறவங்க அதை எடுத்து இன்குபேட்டர்ல வைப்பாங்க. 26 டிகிரி வெச்சா பொண்ணு, 32.5 வெச்சா பெரும்பாலும் பையன். குரோமோசோம்ல ஹார்ட்கோட் பண்ணாம, ரன்டைம்ல முடிவாகற மேட்டர் :-)

இந்த விஷயத்தை முதல்ல கவனிச்சவர் மேடலின் ஷார்னியே. 1966, செனகல், ஒரு ஓணான் வகை. நம்ம பக்கத்துலயும் இதுக்கு ஒரு முக்கியமான வரலாறு இருக்கு மக்களே. மாமல்லபுரம் போற வழியில, வடநெம்மேலி முதலைப் பண்ணை.

1976-ல ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் ஆரம்பிச்சது. (அப்பவும் அது செங்கல்பட்டு மாவட்டம்தான். நடுவுல காஞ்சிபுரம் ஆகி, 2019-ல திரும்ப செங்கல்பட்டு!) தோலுக்காக வேட்டையாடியே முதலைகளை ஒழிச்சுக்கட்டின காலம். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு, ஆனா சட்டம் முட்டை போடாதே. முட்டைகளைச் சேர்த்து, பொரிக்க வெச்சு, குட்டிகளை ஆறு குளங்கள்ல விடணும்னு திட்டம்.

இங்கதான் சிக்கல். எல்லா முட்டையையும் ஒரே சூட்டுல பொரிச்சா எல்லாம் ஒரே பால். அப்புறம் ஆத்துல விட்டு என்ன பிரயோஜனம்? அமெரிக்காவின் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் மூணு பேரும் சேர்ந்து பண்ண ஆராய்ச்சி 1989-ல வெளியாச்சு. நம்மூர் மக்கர் முதலை முட்டையை 31 டிகிரியோ அதுக்குக் கீழயோ வெச்சா பெண், 32.5 வாக்குல ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசத்துல ஒரு குளத்தோட எதிர்காலமே மாறிடும்!

அதே கடற்கரையில பங்குனி ஆமைக்கு இது அப்படியே உல்டா. சூடு ஏறினா பெண். வெயில் நிலவரம் போற போக்குல, எனக்கு முதலையை விட ஆமையை நினைச்சாதான் கவலையா இருக்கு.

மக்கர் பத்தி இன்னும் ரெண்டு விஷயம் வடநெம்மேலியில தெரிய வந்துச்சு. ஒரே சீசன்ல சில தாய் முதலைங்க ரெண்டு தடவை கூடு தோண்டி முட்டை இடுதுங்க. அப்புறம், குட்டிங்க கத்த ஆரம்பிச்சதும் மண்ணைத் தோண்டி வாயில தூக்கிட்டுப் போய் தண்ணியில விடுறது அம்மா மட்டும் இல்ல, அப்பாவும்தான். (பல்லி அப்பாக்கள் கவனிக்கவும்.)

திட்டம் அளவுக்கு மீறி ஜெயிச்சுடுச்சு. 1990-கள்ல மத்திய அரசு 'போதும், இனிமே விடவேண்டாம்'னு நிறுத்திடுச்சு. விட இடமில்லாம பண்ணை நிரம்பி, 2022-ல ஆயிரம் முதலைகளை ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி வாங்க வேண்டியதாச்சு. ஒரு காலத்துல அரை அரை டிகிரியாப் பார்த்துப் பொத்திப் பொத்திப் பொரிச்ச அதே மக்கர் முட்டைகளை, இப்போ பொரிக்காம இருக்கறதுக்காகவே கூட்டைத் தோண்டி எடுத்துடறாங்க.