வடமும் வால்கயிறும்

ஊட்டியை அடுத்த கிளன்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் செங்குத்துச் சரிவில் ஒரு தண்டவாளம் போகிறது. பைக்காரா ஆற்றுநீர் குழாய்வழியே ஏறத்தாழ 3,000 அடி கீழே பாய்ந்து, 1932 முதல் மின்சாரம் தரும் இடம் அது. ஆளையும் தளவாடத்தையும் ஏற்றி இறக்கும் பெட்டிக்கு அங்கே ‘விஞ்ச்’ என்று பெயர். பழனிமலை ஏறும் பக்தர்கள் சொல்வதும் அதுதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல், கயிற்றைச் சுருட்டும் உருளைப் பொறியைக் குறிக்கும். தமிழில் பெயர் பொறியை விட்டுக் கயிறு வழியே இறங்கிப் பெட்டியில் ஏறிக்கொண்டது.

நடுவில் இருந்து உயிரைத் தாங்கும் பொருளுக்கோ ‘ரோப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு அருமையான பழஞ்சொல் ஒன்று உண்டு: வடம்.

ஊட்டி மாரியம்மன் தேரை வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்து மலையாளிகளுக்குக் கயிறு இழுக்கும் போட்டி ‘வடம்வலி’. நகைக்கடையில் ‘இரட்டை வடச் சங்கிலி’ கேட்கிறோம். பெருங்கயிறும் வடம், சரத்தின் ஒரு வரிசையும் வடம். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, இந்தப் பொருள்களையெல்லாம் ஒரே பதிவில் சேர்த்திருக்கிறது. அந்த எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கி, தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர்.

எஃகுக் கயிற்றுக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்தும். மெல்லிய கம்பிகளை முறுக்கினால் புரி; நடுத்தண்டைச் சுற்றி ஆறு புரிகளை முறுக்கினால் வடம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். ஆனால் அறுந்த நுனி உள்ளங்கையைக் கிழித்துவிடும். அதனால் வெறுங்கையால் தடவிப் பார்க்கக் கூடாது.

கிரேனில் சுமை கட்டும்போது கோணமும் முக்கியம். இரண்டு வடங்களில் 2 டன் தொங்கினால், அவை செங்குத்தாக நிற்கும்போது ஒவ்வொன்றிலும் 1 டன் இழுவிசை. தரைமட்டத்துக்கு 30 பாகையாகச் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 2 டன்! சுமை அதேதான், சாய்வுதான் வேறு.

சுமையைத் தூக்குவது வடம். காற்றில் சுழலாமல் அதைத் திருப்பிப் பிடிக்க இன்னொரு மெல்லிய கயிறு வேண்டும். ‘கைடு ரோப்’ என்கிறார்கள். அதைப் பிடிப்பவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுமை திமிறினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். சுமைக்குக் கீழேயும் நிற்கக் கூடாது.

இந்த இரண்டு கயிறுகளையும் நம் உழவர்கள் பெயரிலேயே பிரித்துவைத்திருந்தார்கள். மாடு கட்டிக் கிணற்று நீரை மேலேற்றும் கமலை இறைப்பில், மாடு இழுத்த தடித்த வடம், நீர் மொள்ளும் பாத்திரமான சாலின் பாரத்தைத் தாங்கியது. சாலின் அடியில் தொங்கிய தோல் தும்பியின் நுனியைப் பிடித்திருந்த மெல்லிய கயிறு வால்கயிறு. சால் மேலே வரும்வரை தண்ணீர் சிந்தாமல் தும்பியை மடக்கிப் பிடிப்பதும், வாய்க்காலில் அதைத் திறந்துவிடுவதும் அதன் வேலை. தூக்குவது ஒன்று, வழிநடத்துவது ஒன்று. கைடு ரோப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

வால்கயிறு என்ற சொல்லை ஓய்வுக்கு அனுப்பியதில் சிங்காராவுக்கும் பங்கு உண்டு. பைக்காரா மின்சாரம் மலையிறங்கிக் கோவை மில்களுக்குப் போனது, பிறகு தோட்டத்துக் கிணறுகளுக்கும் போனது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் கமலைமாடுகள் கட்டுத்தறிக்குத் திரும்பின. வால்கயிறு பரணில் ஏறியது.