ஆறு பந்துக்கு முன்னால்

2021 மார்ச் 28, ஞாயிறு இரவு. புனேவுக்கு வெளியே கஹுஞ்சே மைதானம். கொரோனா காரணமாக அரங்கில் பார்வையாளர் யாரும் இல்லை. இங்கிலாந்துக்கு எதிரான தொடர் 1-1 என்று நிற்கிறது, இது மூன்றாவதும் கடைசியுமான ஒருநாள் போட்டி. இந்தியா எடுத்தது 329. இங்கிலாந்து 200 ரன்னில் ஏழாவது விக்கெட்டை இழந்தபோது ஆட்டம் முடிஞ்சுபோச்சு என்றுதான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எல்லாரும் நினைத்தோம். சாம் கரன் அப்படி நினைக்கவில்லை. ஆதில் ரஷீத்தோடு 57 ரன், மார்க் வுட்டோடு 60 ரன் என்று மெல்ல மெல்லக் கரை சேர்த்துக்கொண்டே வந்தார். இந்தியா கேட்சுகளை விட்டுக்கொண்டே இருந்தது. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்குத் தேவை 14 ரன்.

பந்து நடராஜன் கையில். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். அது அவருடைய இரண்டாவது ஒருநாள் போட்டிதான்.

முதல் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வுட் ரன் அவுட். அடுத்ததில் டாப்ளி ஒரு ரன். மூன்றாவது, நான்காவது பந்துகளில் கரனால் ரன் எடுக்க முடியவில்லை. இப்போது இரண்டு பந்தில் 12. ஐந்தாவது பந்து பவுண்டரிக்குப் போனது. ஆறாவதில் ரன் இல்லை. இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. 95 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற கரனுக்கு ஆட்ட நாயகன் விருது. நடராஜனின் கணக்கு 10 ஓவர், 73 ரன், 1 விக்கெட். ஸ்கோர் கார்டை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அந்த ஆறு பந்துகள் கண்ணிலேயே படாது.

மறுநாள் எங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே விளக்கம்தான். "கஷ்டத்தைப் பார்த்து வளந்தவனுக்கு லாஸ்ட் ஓவரெல்லாம் ஒரு விஷயமா?" கேட்க நன்றாக இருக்கிறது. அப்பா தறிக்கூலி, அம்மாவுக்குச் சாலையோரக் கடை, அந்த வீட்டிலிருந்து வந்த பையனுக்கு 14 ரன் என்ன பெரிய பாரம் என்ற தர்க்கம். ஆனால் எனக்கு இந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. வறுமை நிதானத்தைத் தரும் என்றால் ஜலகண்டாபுரத்திலும் எடப்பாடியிலும் பள்ளிபாளையத்திலும் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்கிற அத்தனை பையன்களுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அப்படியானால் அந்த நிதானம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்டுப் பார்த்த விளையாட்டு கோல்ஃப். பந்து அசையாமல் கிடக்கும், எதிராளி தொடமாட்டார், யோசிக்க வேண்டிய அளவு நேரம் உண்டு. அந்த நேரம்தான் பிரச்சினையே. 1996 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை கிரெக் நார்மன் 6 ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கினார். அன்று 78 அடித்தார். நிக் ஃபால்டோ 67. நார்மன் 5 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தோற்றார். 1999இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓபன். பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது 3 ஸ்ட்ரோக் முன்னிலை. ஆறு அடியில் முடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். பாதுகாப்பாகத் தட்டித் தட்டிப் போயிருக்கலாம். அவர் பெரிய மட்டையை எடுத்தார். இரண்டாவது அடி பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பிப் புல்லுக்குள் விழுந்தது, மூன்றாவது ஓடைக்குள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நின்றபடி பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய படம் விளையாட்டு வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஏழு அடி ஆனது. பிளே ஆஃபில் பால் லாரி வென்றார். அந்த நாளை லாரி தொடங்கியபோது 10 ஸ்ட்ரோக் பின்னால் இருந்தார்.

உளவியலாளர்கள் இதை ரொம்ப நாளாக ஆராய்கிறார்கள். ராய் பாமைஸ்டர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது, சுருக்கமாக இதுதான்: அழுத்தம் வரும்போது நம் கவனம் நம் மேலேயே திரும்புகிறது. தானாக ஓடிக்கொண்டிருந்த கையை நாம் மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கிறோம், கை தடுமாறுகிறது. சைக்கிள் ஓட்டும்போது பெடலை எப்படி மிதிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், புரியும். சியான் பெய்லாக்கும் தாமஸ் காரும் 2001இல் கோல்ஃப் பட்டிங்கை வைத்து நடத்திய சோதனைகளில் இன்னொரு விஷயம் கிடைத்தது. பழகும்போதே வீடியோ கேமரா முன்னால், தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வோடு பழகியவர்கள், பின்னால் அழுத்தம் வந்தபோது சொதப்பவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவை எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்துப் போட்டிகள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் தண்ணீர் வற்றிய ஏரியோ அறுவடை முடிந்த வயலோ மைதானமாகிவிடும். மைக்செட் கட்டி ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். பேட்ஸ்மேனின் அப்பா பெயர் முதல் பௌலரின் கல்யாணப் பேச்சுவரை எல்லாம் ஒலிபெருக்கியில் வரும். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் எல்லாருக்கும் உங்களைத் தெரியும். கோட்டைவிட்டால் அடுத்த வாரம் சந்தையில் கேட்பார்கள். பெய்லாக்கின் கேமரா இங்கே ஊர் முழுக்க இருக்கிறது.

நடராஜன் தன் இருபது வயதுவரை ஆடியது பெரும்பாலும் இந்தக் கிரிக்கெட்தான். டென்னிஸ் பந்தில் தையல் கிடையாது, தோல் பந்து மாதிரி பௌலருக்கு உதவாது. குட் லென்த்தில் போட்டால் எழும்பி மட்டைக்கு வாகாக வரும், பந்து பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும். பௌலருக்கு மிச்சமிருக்கிற வழி ஒன்றுதான், பேட்ஸ்மேனின் கால் விரலுக்குப் பக்கத்தில் போடும் யார்க்கர். கொஞ்சம் குறைந்தால் அடிப்பதற்கு வசதியான நீளம், கொஞ்சம் கூடினால் ஃபுல் டாஸ். 2016 டி20 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில், கல்கத்தாவில், கடைசி ஓவரில் 19 ரன்னைத் தடுக்க வேண்டிய பென் ஸ்டோக்ஸ் அந்த நீளத்தைத் தவறவிட்டார். கார்லோஸ் பிராத்வெயிட் நான்கு பந்தில் நான்கு சிக்ஸர். நல்ல பௌலர் கைக்கே கிடைக்காத நீளம் அது. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வேறு வழி இல்லாததால் பழகிக்கொண்ட நீளமும் அதுதான்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்திருப்போம். ரன்புக் என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் புத்திசாலித்தனத்தை நம்பக் கூடாது என்பதுதான் அதற்கான காரணம். தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவைப் பதற்றத்தில் நிறைவேற்றினால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். வான் டி வெல்ட்டிடம் கடைசிக் குழியில் பல வழிகள் இருந்தன. நடராஜனிடம் இருந்தது ஒன்று.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் டீக்கடை விளக்கத்தையே வேறு வார்த்தையில் சொன்னதாகிவிடும். ஏனென்றால் இதே யார்க்கர், இதே கை ஒருமுறை கைவிட்டிருக்கிறது.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக நடராஜன் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். உடனேயே அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை எல்லாவற்றையும் திரும்பக் கற்க வேண்டிய நிலை. பலருடைய கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். அவரோடு அவருடைய ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் நின்றார், தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் நின்றார்கள். சட்டையில் 'ஜேபி நட்டு' என்று எழுதிக்கொண்டு அவர் ஆடியது அந்த நன்றிக்காகத்தான். 2016 டிஎன்பிஎல் போட்டியில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டார். அடுத்த வருடம் ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது.

அந்த 2017 சீசனில் அவருக்குக் கிடைத்தது 6 ஆட்டம், 2 விக்கெட். 2018, 2019 இரண்டு சீசன்களிலும் ஹைதராபாத் அணியில் இருந்தார், ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இங்கேதான் வறுமை விளக்கம் உடைகிறது. 2017இலும் அவர் அதே சின்னப்பம்பட்டிக்காரர். பார்த்த கஷ்டமும் அதே கஷ்டம். ஆனால் அது அப்போது உதவவில்லை. மாறியது என்ன? அவரைக் கைவிடாத ஓர் அணி, காத்திருக்க மூன்று வருடம், ஒவ்வொரு நாளும் வலையில் அதே பந்து. 2020 ஐபிஎல்லில் அந்தப் பந்து திரும்பி வந்தது. அபுதாபியில் எலிமினேட்டர் ஆட்டத்தில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தது. வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர் டிசம்பர் 2இல் ஒருநாள், டிசம்பர் 4இல் டி20, ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று 44 நாளுக்குள் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். அதற்குப் பிறகுதான் புனே.

வறுமை நிதானத்தைத் தருவதில்லை. அது இரண்டாவது வாய்ப்பைப் பறிக்கிறது, அவ்வளவுதான். நிதானம் என்பது இரண்டாவது, மூன்றாவது வாய்ப்புகளில் ஊறி வருகிற விஷயம். ஸ்டோக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் நொறுங்கியவர் மூன்று வருடம் கழித்து லார்ட்ஸில் உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் 84 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். நடுவில் யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

இதே சேலம் மாவட்டத்தில், ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியிலிருந்து வந்த மாரியப்பன் தங்கவேலுவின் கதையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஐந்து வயதில் பஸ் விபத்தில் வலது கால் சிதைந்தது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். உயரம் தாண்டுதல் ஒரு விசித்திரமான விளையாட்டு. ஜெயித்தவரும் பெரும்பாலும் கடைசியில் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் ஆட்டத்தை முடிப்பார். டோக்கியோவில் 1.88இல் மாரியப்பனும் அமெரிக்காவின் சாம் க்ரூவும் முதல் இரண்டு முயற்சிகளில் தவறினார்கள். மூன்றாவதில் க்ரூ தாண்டினார், மாரியப்பன் தாண்டவில்லை. 1.86க்கு வெள்ளி. மழையில் சாக்ஸ் நனைந்து சிரமமாகிவிட்டது என்று பிறகு சொன்னார். ஜெயித்திருந்தால் அதை 'மழையிலும் கலங்காத மனம்' என்று எழுதியிருப்போம். தோற்றவுடன் 'அழுத்தம்' என்ற வார்த்தை தயாராக இருக்கிறது. சாக்ஸ் ஒன்றுதான். 2024இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம், தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம். ஒரு மூன்றாவது முயற்சியை மட்டும் வைத்து ஓர் ஆளின் மனதை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

புனேவுக்குப் பிறகு நடராஜனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதன் பின் ஐபிஎல்லில் ஆடினார், ஏலத்தில் பெரிய விலைக்குப் போனார். ஆனால் இதை எழுதும்வரை இந்திய அணிக்காக மறுபடி ஆடவில்லை. அந்தக் கடைசி ஓவர்தான் இந்தியாவுக்காக அவர் போட்ட கடைசி ஓவராகவும் இருக்கிறது. கடைசி ஆறு பந்தைச் சரியாகப் போட்டவருக்கும் அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் கிடையாது.

2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் சொந்தச் செலவில் உருவாக்கிய கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். ஒரு நட்சத்திரம் ஊருக்குச் செய்த நன்கொடை என்று செய்திகள் எழுதின. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஏரிக்குள் டென்னிஸ் பந்தில் ஒருமுறை கோட்டைவிட்ட பையன் மறுநாள் வந்து தோல் பந்தில் அதே யார்க்கரைத் திரும்பப் போட்டுப் பார்க்க இப்போது ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பையன் சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை.