அவ்ரோவிலிருந்து சி-295 வரை: இந்திய விமானப்படையின் போக்குவரத்து விமானத் தேர்வு

இந்திய விமானப்படையின் பழைய அவ்ரோ எச்.எஸ்.-748 போக்குவரத்து விமானங்களுக்கு மாற்றாக ஏர்பஸ் நிறுவனத்தின் சி-295 தேர்ந்தெடுக்கப்பட்டது. 2012-இல் அனுமதி பெற்ற இத்திட்டம் 2021-இல்தான் ஒப்பந்தமாயிற்று. எந்த விமானம் என்பதோடு, அதை இந்தியாவில் யார் கட்டுவது என்பதும் பெரிய கேள்வியாக இருந்தது.

போக்குவரத்து விமானங்களின் பணி

போர் விமானங்கள் பெறும் புகழைப் போக்குவரத்து விமானங்கள் பெறுவதில்லை. ஆயினும் 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்றவை டக்கோட்டா விமானங்களே. எல்லைக் காவல் நிலைகளுக்கு உணவு, மருந்து, எரிபொருள் சேர்ப்பதும், பேரிடர்க் காலத்தில் மக்களை மீட்பதும் இவற்றின் அன்றாடப் பணிகள்.

அவ்ரோவின் காலம்

அவ்ரோ 748 பிரிட்டனில் பயணிகள் விமானமாக வடிவமைக்கப்பட்டது. உரிமம் பெற்றுக் கான்பூரில் கட்டப்பட்ட முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. உள்நாட்டிலேயே விமானம் கட்டும் அனுபவத்தை அது தந்தது.

ஆனால் சரக்குப் பணிக்கு அதில் குறைகள் இருந்தன. இறக்கைகள் உடலின் கீழ்ப்பகுதியில் அமைந்ததால் தரைத்தளம் உயரத்தில் இருந்தது. வண்டியை நேரே ஓட்டி ஏற்றுவதற்கான பின்புறச் சரிவுக் கதவும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல உதிரிபாகங்கள் கிடைப்பதும் அரிதாயிற்று.

ஒன்பது ஆண்டு இழுபறி

56 புதிய விமானங்கள் வாங்க 2012-இல் பாதுகாப்புக் கொள்முதல் குழு இசைந்தது. 2013-இல் விலைப்புள்ளி கோரப்பட்டது. முதல் 16 விமானங்களை வெளிநாட்டு நிறுவனம் கட்டித் தர வேண்டும். எஞ்சிய 40-ஐ இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று இங்கேயே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பொதுத்துறையை ஒதுக்குவதற்கு அரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 40 விமானங்களுக்காக ஒரு தொழிற்சாலை அமைப்பது கட்டுப்படியாகுமா என்ற தயக்கமும் இருந்தது. முடிவில் ஏர்பஸ்-டாட்டா கூட்டணி மட்டுமே விலைப்புள்ளி தந்தது.

போட்டியில்லாத ஒரே விண்ணப்பத்தை ஏற்கலாமா என்ற சிக்கலுக்கு 2015 மே மாதத்தில் கொள்முதல் குழு ஒப்புதல் தந்து தீர்வு கண்டது. அதன்பின் பேச்சுவார்த்தை நீண்டு, 2021 செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

சி-295

ஸ்பெயினில் உருவான சி-295 முதன்முதலில் 1997-இல் பறந்தது. 71 வீரர்களை ஏற்றும். இறக்கைகள் மேலே அமைந்திருப்பதால் சுழல்விசிறிகள் தரைப் புழுதியிலிருந்து விலகி நிற்கின்றன. தளம் தாழ்ந்திருப்பதால் சரக்கேற்றுவது எளிது. குறுகிய, செப்பனிடாத ஓடுபாதைகளிலும் இறங்கும்.

முதல் விமானம் 2023 செப்டம்பரில் செவில் நகரில் ஒப்படைக்கப்பட்டது. ஸ்பெயினில் கட்டிய 16-ஆவது விமானம் 2025 ஆகஸ்டில் கைமாறியது. வதோதராவில் டாட்டாவின் தொழிற்சாலை 2024 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. இந்தியத் தனியார் துறை ஒரு இராணுவ விமானத்தை முழுமையாகக் கட்டுவது இதுவே முதன்முறை.

அன்-32: அடுத்த கேள்வி

1984 முதல் பணியாற்றும் அன்-32 விமானங்களும் முதுமையடைந்துவிட்டன. உக்ரைனில் உருவான இவற்றின் மேம்பாட்டுப் பணி, 2014-இல் அங்கு எழுந்த நெருக்கடியால் தடைப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு இவ்விமானம் ஒரு துயர நினைவும் ஆகும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட அன்-32 வங்கக்கடலின் மேல் மறைந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம், கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. இச்செய்தி 2024 ஜனவரியில் வெளியானது. குடும்பங்கள் ஏழரை ஆண்டுகள் காத்திருந்தன.

அவ்விபத்துக்கு விமானத்தின் வயதுதான் காரணம் என்று கூற இயலாது. எனினும், இத்தகைய தேர்வுகளைக் கோப்பும் விலையும் மட்டும் சார்ந்தவையாகக் கருத முடியாது என்பதை அது உணர்த்துகிறது. 18 முதல் 30 டன் வரை சுமக்கும் நடுத்தர விமானங்களுக்கான தகவல் கோரிக்கையை விமானப்படை 2022 டிசம்பரில் வெளியிட்டது. அவ்ரோவுக்கு மாற்று தேடியபோது ஏற்பட்ட தாமதம் இங்கும் நேராதிருப்பதே அதில் பறப்போருக்குச் செய்யும் நன்மையாகும்.