தந்தையின் மீன் தொட்டியும் மகனின் மண்ணும்

புதிதாக மீன் தொட்டி வாங்கியவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரே கதைதான் நடக்கும். முதல் இரண்டு மூன்று நாள் மீன்கள் துள்ளி விளையாடும். ஒரு வாரம் போனதும் ஒன்று மூலையில் ஒதுங்கி நிற்கும். துடுப்பை மடக்கிக்கொள்ளும், தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்காது. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரோ பளிங்கு போல இருக்கும். "காற்று போதவில்லை" என்று பம்பைக் கூட்டி வைப்பார்கள். மறுநாள் காலையில் மீன் மிதக்கும்.

இந்த "காற்று போதவில்லை" என்ற தீர்ப்புக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயதாகிறது. அதைக் கொடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல, அந்தக் காலத்தின் நல்ல வேதியியலாளர்கள்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்பவர் இருந்தார். அப்போதிகரீஸ் ஹால் என்ற மருந்துக் கூடத்தில் வேதியியலாளர். 1849-இல் 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் மணலும் கற்களும் போட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். தண்ணீரை மாற்றுவதில்லை என்பதுதான் சோதனை. செடி ஆக்சிஜன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும், மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். பிரீஸ்ட்லியும் இங்கென்ஹவுஸும் 1770-களில் காட்டிய விஷயத்தை அவர் ஒரு தொட்டிக்குள் அடக்கப் பார்த்தார்.

ஆரம்பத்தில் சரியாகத்தான் போனது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, நத்தை முட்டைகளை மீன்கள் தின்றன. தொட்டி தெளிந்தது. 1850-இல் வேதியியல் சங்கத்தின் இதழில் இதை வெளியிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கு மீன் கூடம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்ததும் ஊரெல்லாம் தொட்டி மோகம் பிடித்தது. கண்ணாடி மீதான வரியை 1845-இலேயே எடுத்துவிட்டிருந்ததும் இதற்கு உதவியது.

ஆனால் வாரிங்டனின் தொட்டியைப் பார்த்து வைத்த பலருக்கு மீன்கள் செத்தன. அவர் வைத்தது இரண்டே மீன். மற்றவர்கள் ஆசைக்கு அள்ளிப் போட்டார்கள். செடியைக் கூட்டினார்கள், வெயிலில் வைத்தார்கள், தண்ணீரைக் குழாயால் அடித்துக் காற்றேற்றினார்கள். பார்த்ததெல்லாம் ஆக்சிஜனை மட்டுமே.

மீன் செவுள் வழியாக வெளியேற்றுவது கரியமில வாயு மட்டுமல்ல, அம்மோனியாவும்தான். அது கண்ணுக்குத் தெரியாது. செவுளை அரித்துவிடும், அதனால் மீன் மூச்சுக்குத் தவிக்கும். அது நைட்ரைட்டாக மாறினால் இன்னொரு ஆபத்து. இரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டும். பார்ப்பவர் காற்றைக் குறை சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

விடை கிடைத்தது மீன் தொட்டியில் அல்ல, சாக்கடைத் தண்ணீரில். 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியாகக் கழிவுநீரை மெல்ல விட்டார்கள். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. சுமார் 20 நாள் கழித்து அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. மண் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. வெறும் வேதிமாற்றமாக இருந்தால் குளோரோஃபார்முக்கு ஏன் மயங்க வேண்டும்? இது உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்பது அப்படித்தான் தெரிந்தது. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் மீன் சாவதற்கும் காரணம் இந்தக் காத்திருப்புதான். மணலில் அந்த உயிர்கள் பெருக நாள் பிடிக்கும்.

இந்தச் சோதனையை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் தொடர்ந்தவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தொட்டிக்காரரின் மகன்! தந்தை 1867-இல் இறந்துவிட்டார். மகன் பல வருடம் வயல் மண்ணோடு போராடினார். மாற்றம் இரண்டு படியாக நடக்கிறது, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொன்று என்று காட்டினார். வெளிச்சம் இந்த வேலையைத் தடுக்கிறது என்றும் கண்டார். ஆனால் அந்த உயிர்களை முதலில் பிரித்தெடுத்த பெயர் 1890-இல் சூரிச்சில் இருந்த வினோகிராட்ஸ்கிக்குப் போய்விட்டது. மண்ணில் நடந்த அதே வேலை தந்தையின் தொட்டி மணலிலும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கும். செடியும் அம்மோனியாவை நேராக உறிஞ்சும். இரண்டே மீன், நிறைய மணல், பசுமையான செடி. அவர் வென்றது அவர் சொன்ன காரணத்தால் மட்டுமல்ல.

நடுவில் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் என்பவரையும் சொல்ல வேண்டும். 1871-இல் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த மீன் காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருட்டில் கட்டி, தண்ணீரை ஓயாமல் சுற்றவிட்டார். பாசி பிடிக்காமல் இருக்கத்தான் இருட்டு. நுண்ணுயிர்களுக்கும் இருட்டு பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

வினோகிராட்ஸ்கி சொன்ன நைட்ரோபாக்டர்தான் தொட்டியிலும் இரண்டாம் படி வேலை செய்கிறது என்று நூறு வருடம் புத்தகங்கள் எழுதின. 1998-இல் ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது அங்கே அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. 2015-இல் இன்னொரு அதிர்ச்சி. இரண்டு படியையும் ஒரே நுண்ணுயிர் தனியாகவே செய்யும் என்று இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழு அதைக் கண்டெடுத்தது ஒரு மீன் பண்ணையின் வடிகட்டியிலிருந்து.