ஷெனோன்சோ மாளிகை

பிரான்சின் நடுப்பகுதியில், லுவார் ஆற்றின் துணையாறான ஷேரின் மேல் எழுந்து நிற்கும் 16ஆம் நூற்றாண்டு மாளிகை ஷெனோன்சோ. பழைய நீராலை ஒன்றின் அடித்தளத்தில் இதைக் கட்டுவித்தவர் அரசின் நிதி அதிகாரி தோமா போயே. இத்தாலியப் போர்களின் காரணமாக அவர் அடிக்கடி வெளியூரில் இருந்தார். கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர் மனைவி கத்ரீன் பிரிசோனே. பின்னரும் இம்மாளிகைக்கு உருக்கொடுத்தவர்களில் பெண்களே மிகுதி. 'சீமாட்டிகளின் மாளிகை' என்ற பெயர் அவர்களால் வந்தது.

போயே குடும்பத்தின் கடனுக்காக 1535இல் அரசு இதைக் கைப்பற்றியது. 1547இல் இரண்டாம் ஹென்றி மன்னர் தம் காதலி தியான் த புவாத்தியேவுக்கு அளித்தார். கட்டடக் கலைஞர் பிலிபேர் த லோர்மைக் கொண்டு ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்தவர் தியான். 1559இல் மன்னர் இறந்ததும் அரசி கத்ரீன் த மெதிசி, ஷோமோன் மாளிகையை மாற்றாகக் கொடுத்துத் தியானை வெளியேற்றினார். பிறகு அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். இருவரின் பகையைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் பாலத்தின் மீது மற்றவர் கூடம் அமைந்ததால்தான், உலகில் ஈடு காண்பதற்கரிய இந்த வடிவம் நமக்குக் கிடைத்தது. இருவர் பெயரிலும் தனித்தனித் தோட்டங்கள் உள்ளன. 1589இல் கணவர் மூன்றாம் ஹென்றி கொல்லப்பட்ட பின் அரசி லூயிஸ் துக்கம் காத்த கரிய அறையையும் காணலாம்.

முதல் உலகப் போரில் அப்போதைய உரிமையாளர்களான மெனியே குடும்பத்தார் இக்கூடத்தை மருத்துவமனையாக்கினர். இரண்டாம் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடு: மாளிகையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடியிலும், கூடத்தின் தென்கதவு ஆக்கிரமிக்கப்படாத பகுதியிலும் இருந்தன. அவ்வழியாகப் பலர் தப்பினர். வருவோர் அந்தக் கதவு வரை நடந்து பார்ப்பது அவசியம். பாலத்தூண்களுக்குள் அமைந்த சமையற்கூடங்களையும் தவறவிடக் கூடாது.

வடக்கே அம்புவாசில் லியொனார்டோ டா வின்சி தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த குளோ லூசே இல்லம் உள்ளது. அவர் 1519இல் அங்கு மறைந்தார். அதே ஆண்டு பணி தொடங்கிய ஷம்போர் மாளிகையில், ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாத இரட்டைச் சுழல் படிக்கட்டு புகழ்பெற்றது. தூர் நகரிலிருந்து ஷெனோன்சோவுக்கு ரயில் உண்டு; நிலையம் மாளிகை வாயிலுக்கு அருகிலேயே இருக்கிறது.